பத்தாவது பிட்சர் எங்கிருந்து வந்தார்?

2025 அக்டோபர் 27. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டியது, 5-5 என்று சமனாகி பதினான்கு இன்னிங்ஸையும் தாண்டி இழுத்துக்கொண்டே போனது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அதற்குள் ஒன்பது பிட்சர்களை இறக்கிவிட்டது. கிரிக்கெட்டில் நாலு ஓவர் போட்டவர் ஃபைன் லெக்கில் நின்று இளைப்பாறிவிட்டு இன்னொரு ஸ்பெல்லுக்கு வரலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஆட்டத்தைவிட்டு ஒருமுறை வெளியே போனால், அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தடுத்த ஆட்டங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த ஸ்டார்டர்களைத் தவிர்த்துப் பார்த்தால் புல்பென்னில் மிச்சமிருந்தது ஒரே ஒருவர். பெயர் வில் க்ளைன், வயது 25. அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் ஆடிய முதல் மூன்று சுற்றுகளுக்கான அணிப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. உலகத் தொடருக்குத்தான் சேர்த்தார்கள்.

15-ஆவது இன்னிங்ஸில் வந்தவர் 18-ஆவது இன்னிங்ஸ் முடியும்வரை நின்றார். நான்கு இன்னிங்ஸ், 72 பந்துகள், எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. அதன் பிறகு ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னில் டாட்ஜர்ஸ் 6-5 என்று வென்றது. மொத்தம் 6 மணி 39 நிமிடம். நம்மூர் நேரத்தில் செவ்வாய்க்கிழமை அதிகாலை காபி நேரத்தில் தொடங்கிய ஆட்டம், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் முடிந்தது. பேஸ்பாலின் மாபெரும் பிட்சர்களில் ஒருவரான சாண்டி கூஃபாக்ஸ், 89 வயதில், உடைமாற்றும் அறைக்கே வந்து க்ளைனின் கையைக் குலுக்கினார்.

யார் இந்த க்ளைன்? 2020 டிராஃப்டில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் எடுத்த பையன். 2024 ஜூலையில் ஓக்லண்டுக்கு மாற்றப்பட்டார். 2025 தொடக்கத்தில் ஓக்லண்டை விட்டு நகர்ந்திருந்த அந்த அணி, அவரை சியாட்டிலுக்குத் தள்ளிவிட்டது. சியாட்டிலும் வேண்டாம் என்றது. ஜூன் மாதம் டாட்ஜர்ஸ் வாங்கியபோது அது எங்கேயும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஒரு வருடத்துக்குள் நான்காவது அணி!

இப்படிப்பட்ட ஒருவரை ஒரு சாம்பியன் அணி எதற்காகத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறது? அமெரிக்காவில் இதை 'பிட்சிங் டெப்த்' என்பார்கள். பந்துவீச்சில் கையிருப்பு என்று சொல்லலாம். வீட்டில் அரிசி தீரும்போதுதானே கையிருப்பு ஞாபகம் வரும்? பேஸ்பாலில் அது ஏறக்குறைய எல்லா வருடமும் தீர்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஓர் அணி வழக்கமான சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் கிட்டத்தட்ட 1,450 இன்னிங்ஸுக்குப் பந்து வீச ஆள் வேண்டும். அதுவும் ஆறே மாதத்தில், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலே பெரிது என்ற வேகத்தில். இன்றைய தேதியில் ஒரு ஸ்டார்டர் 180 இன்னிங்ஸ் வீசினால் அவர் இரும்பு மனிதர். ஐந்து ஸ்டார்டர்களும் இரும்பு மனிதர்களாக இருந்தால்கூட 900 இன்னிங்ஸ்தான் ஆகும். மீதி 550 இன்னிங்ஸ்? அதை ரிலீவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஐவரும் இரும்பாக இருக்கும் அணி எங்கேயும் கிடையாது என்பது இன்னொரு விஷயம்.

டாட்ஜர்ஸ் அணியின் 2025 நிலவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்காலத்தில் பிளேக் ஸ்னெல்லை ஐந்து வருடத்துக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். தோள்பட்டைப் பிரச்னையால் நான்கு மாதம் உட்கார்ந்த அவர், வீசியது 61 இன்னிங்ஸ். ஜப்பானிலிருந்து வந்த இளம்புயல் ரோக்கி சசாகி தோள்வலியால் மே மாதமே ஒதுங்கினார். 36 இன்னிங்ஸ். உயரமான டைலர் கிளாஸ்னோ 90. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜூன் மாதம்தான் மீண்டும் பந்து எடுத்த ஷோஹெய் ஓத்தானி 47. கனவு வரிசை என்று கொண்டாடப்பட்டவர்களில் சீசன் முழுக்கத் தன் முறை தவறாமல் வீசியவர் யோஷினோபு யமமோட்டோ மட்டும்தான். 173 இன்னிங்ஸுக்கு மேல்.

இவர்கள் ஐவரையும் கூட்டினால் 410 இன்னிங்ஸ் சுமார் வருகிறது. மீதி ஆயிரத்துச் சொச்சம் இன்னிங்ஸை வீசியது யார்?

முதலில் கிளேட்டன் கெர்ஷா. வயது 37. கால்விரலிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடித்து மே மாதம் திரும்பினார். பழைய வேகம் போயே போய்விட்டது. ஆனாலும் 112 இன்னிங்ஸ் வீசி 11 வெற்றி, 2 தோல்வி. நடுவில் ஜூலை 2-ஆம் தேதி தன் 3,000-ஆவது ஸ்டிரைக்அவுட்டையும் எடுத்தார். பிறகு, ஜாக் டிரேயர். டிராஃப்டில் எந்த அணியும் சீந்தாத இடதுகைக்காரர். ரூபிக்ஸ் கியூபை நொடிகளில் சேர்த்துக் காட்டும் வித்தை வேறு தெரியும். அறிமுக சீசனிலேயே 67 ஆட்டங்களில் இறங்கி 76 இன்னிங்ஸ் வீசினார். முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து நடு சீசனில் திரும்பிய எமெட் ஷீஹன், பென் காஸ்பாரியஸ், ஜஸ்டின் ரோப்லெஸ்கி, லாண்டன் நாக்... அமெரிக்காவிலேயே பாதி ரசிகர்களுக்கு முகம் தெரியாத பெயர்கள். க்ளைனும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இந்தக் கூட்டத்தைத் தக்கவைப்பதில் ஒரு நிர்வாக வித்தை இருக்கிறது. மேஜர் லீக் அணியில் ஒரு நாளில் 26 பேர்தான் இருக்கலாம், அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஆனால் ஒப்பந்தப் பட்டியலில் 40 பேர்வரை வைத்துக்கொள்ளலாம். 'ஆப்ஷன்' மிச்சமிருக்கும் இளம் வீரரை மேலும் கீழுமாக அனுப்பலாம், வேறு அணி தட்டிக்கொண்டு போகும் பயமில்லை. நேற்று ராத்திரி மூன்று இன்னிங்ஸ் வீசிக் கை ஓய்ந்தவரை இன்று காலை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டு, புதுக் கையோடு இன்னொருவரை வரவழைப்பார்கள். டாட்ஜர்ஸுக்கு அந்தப் புதுக் கை வருவது சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து.

இது கட்டுமீறிப் போனதால்தான் 2022 முதல் ஒரு வீரரை ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்ப முடியாது என்று விதி போட்டார்கள். கீழே போன பிட்சர் 15 நாள் அங்கேயே இருக்கவும் வேண்டும், மேலே யாராவது காயம்பட்டால் தவிர. ஐந்து முறை என்பதே, நியாயமாகப் பார்த்தால், கொஞ்சம் கொடுமைதான்.

அனுப்பப்படுகிறவரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 2025-ல் மேஜர் லீக் வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். மேலே இருக்கும் நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டுத் தருவார்கள். நாளொன்றுக்குச் சுமார் 4,000 டாலர். கீழே போனால் அதில் ஒரு சிறு பங்கு. 43 நாள் மேலே தாக்குப்பிடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஆக, ஒரு வியாழக்கிழமை காலை மேனேஜர் அறைக்குக் கூப்பிடுகிறார் என்றால் அது வெறும் ஊர்மாற்றம் கிடையாது. நேற்று அருமையாக வீசியிருந்தாலும் கூப்பிடுவார். சொல்லப்போனால், நேற்று நிறைய வீசியதால்தான் கூப்பிடுகிறார்!

பணத்தால் கையிருப்பு கிடைக்காதா என்று கேட்கலாம். டாட்ஜர்ஸ் அதையும் முயன்று பார்த்தது. குளோசராக, அதாவது கடைசி இன்னிங்ஸைப் பூட்டிச் சாவி போடுகிறவராக, டேனர் ஸ்காட்டை நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 23 ஆட்டங்களைக் காப்பாற்றினார். 10 ஆட்டங்களில் காப்பாற்ற வந்து, இருந்த முன்னிலையைக் கோட்டைவிட்டார். அக்டோபரில் உடல்நலப் பிரச்னையும் சேர்ந்துகொள்ள, ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த வேலையைக் கடைசியில் செய்தது, காயத்திலிருந்து திரும்பி வந்த ஸ்டார்டர் சசாகி.

மில்வாக்கி ப்ரூவர்ஸ் இதற்கு நேர் எதிர். சிறிய நகரம், அளவான பட்ஜெட். பாஸ்டன் அணியிலிருந்து ஏப்ரலில் வாங்கிய குவின் ப்ரீஸ்டர் அவர்களுக்கு 13 வெற்றிகள் வாங்கிக் கொடுத்தார். மற்றவர்கள் கைவிட்டவர்களையும் அறிமுக வீரர்களையும் வைத்தே 97 ஆட்டம் வென்று, 2025-ன் மிகச்சிறந்த சீசன் கணக்கு அவர்களுடையதுதான். டாட்ஜர்ஸ் வென்றதோ 93. கையிருப்பு சேர்ப்பதில் யார் கெட்டிக்காரர் என்று ஒரு பட்டம் கொடுத்தால் மில்வாக்கிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் அக்டோபரில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது நான்கு ஆட்டங்களிலும் டாட்ஜர்ஸ் ஜெயித்தது. நான்கிலும் மில்வாக்கி எடுத்தது தலா ஒரே ஒரு ரன்! ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ் வீசினார். யமமோட்டோ ஒன்பதையும் தானே முடித்தார். நான்காவது ஆட்டத்தில் ஓத்தானி ஆறு இன்னிங்ஸுக்கு மேல் ரன் கொடுக்காமல் வீசிவிட்டு, பேட்டிங்கில் மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். இதை எழுதும்போது கொஞ்சம் கற்பனைபோலத்தான் இருக்கிறது. நடந்தது உண்மை.

அப்படியானால் நட்சத்திரங்கள்தானே ஜெயித்தார்கள், கையிருப்பு எங்கே வந்தது? இங்கேதான் கவனிக்க வேண்டும். ஸ்னெல், கிளாஸ்னோ, ஓத்தானி மூவரின் கைகளும் அக்டோபரில் புதிதாக இருந்தன. காயத்தாலும் அதற்குப் பிந்தைய எச்சரிக்கையாலும் அவர்கள் சீசனில் அவ்வளவு குறைவாக வீசியிருந்தார்கள். குறைவாக வீச அவர்களை விட்டுவைக்க முடிந்ததற்குக் காரணம், மே, ஜூன், ஜூலை வெயிலில் டிரேயரும் காஸ்பாரியஸும் கெர்ஷாவும் அந்தப் பந்துகளை எல்லாம் வீசித் தீர்த்ததுதான். கையிருப்பு இல்லாத அணியாக இருந்தால் ஜூலையிலேயே ஸ்னெல்லை அவசரப்படுத்தியிருப்பார்கள். அக்டோபரில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிவி பார்த்திருப்பார்.

இந்தப் பாடம் அவர்களுக்கு 2024-லேயே கிடைத்தது. அந்த அக்டோபரில் நம்பி இறக்க மூன்று ஸ்டார்டர்கள்தான் இருந்தார்கள். கிளாஸ்னோ, கெர்ஷா, கேவின் ஸ்டோன் என்று பட்டியலே காயத்தில் கிடந்தது. ஜூலை மாதம் டஸ்டின் மே என்ற பிட்சருக்கு சாலட் சாப்பிடும்போது உணவுக்குழாய் கிழிந்து அவசர அறுவை சிகிச்சை நடந்தது. காயம் எந்த வழியாக வரும் என்று யாரால் சொல்ல முடியும்? சான் டியாகோவுடன் 1-2 என்று பின்தங்கி, தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் ஸ்டார்டரே இல்லாமல் எட்டு ரிலீவர்களை வரிசையாக இறக்கினார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 8-0.

அந்த வருட உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் அணியிடம் 0-5 என்று பின்தங்கி, பிறகு 7-6 என முன்னேறினார்கள். கடைசி இன்னிங்ஸுக்கு ரிலீவர்கள் தீர்ந்துபோக, இரண்டு நாள் முன்பு ஸ்டார்டராக வீசிய வாக்கர் பூலர் வந்து முடித்துக் கொடுத்தார். அந்த சீசனில் ஒரே ஒரு வெற்றி, ஆறு தோல்வி என்றிருந்தவர் அவர். கோப்பையின் கடைசிப் பந்து அவருடையது. அடுத்த சீசனில் அவர் பாஸ்டனில். அதே அக்டோபரில் கைகொடுத்த ஜாக் ஃப்ளாஹெர்ட்டியும் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிட்டார். பிட்சிங் கையிருப்பை ஊறுகாய் ஜாடிபோல மூடி வைக்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் போட வேண்டும்.

ஏன் இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு கசப்பான பதிலும் உண்டு. மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரி 2008-ல் மணிக்கு 147 கிலோமீட்டர் அளவில் இருந்தது. 2024-ல் அது 151-ஐத் தாண்டிவிட்டது. முன்பு ஸ்டார்டர்கள் ஏழெட்டு இன்னிங்ஸுக்குத் தெம்பை மிச்சம் பிடித்து வீசுவார்கள். இப்போது ஐந்து இன்னிங்ஸ் போதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசு என்பதுதான் பயிற்சி. பின்னால் வீச ஆள் இருக்கிறதே! முழங்கையின் உள்பக்கத் தசைநாருக்கு இந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட ஆய்வறிக்கை, வேகத்தையும் பந்தின் சுழற்சியையும் துரத்தும் பழக்கம், எப்போதும் முழு பலத்தோடு வீசுவது ஆகியவற்றைத்தான் காயங்கள் பெருகக் காரணமாகச் சொன்னது.

அந்தத் தசைநார் அறுந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு 'டாமி ஜான்' என்று பெயர். டாமி ஜான் டாக்டர் இல்லை, நோயாளி! 1974-ல் டாட்ஜர்ஸ் பிட்சராக இருந்தவர். டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அவருடைய இன்னொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். 1975 முழுக்க ஆடாமல் இருந்து 1976-ல் திரும்பிய ஜான், அதன் பிறகு 164 ஆட்டங்களை வென்றார். அன்று அதிசயம் என்று பேசப்பட்டது, இன்று பள்ளிப் பையன்கள்வரை வந்துவிட்டது. வேகமாக வீசும் பையன்களைத்தான் டிராஃப்டில் எடுக்கிறார்கள், அதனால் பையன்கள் வேகமாக வீசுகிறார்கள். நிறையப் பேரைக் கையிருப்பில் வைத்திருக்கும் அணிக்கு, ஒருவர் முழங்கை போனால் அடுத்தவர் இருக்கிறார். முழங்கை போனவருக்கு இன்னொரு முழங்கை?

இதில் டொரான்டோ ப்ளூ ஜேஸ் காட்டிய வழி பார்க்க நன்றாக இருந்தது. 2025-ல் அவர்கள் பணத்தோடு பண்ணையையும் நம்பினார்கள். 22 வயது ட்ரே யெசாவேஜ் அந்த ஏப்ரலில் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் ஆடிக்கொண்டிருந்தார். படிப்படியாக ஏறி, செப்டம்பர் 15 அன்று மேஜர் லீக்கில் முதல் பந்து வீசினார். ஆறு வாரம் கழித்து உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், அதே டாட்ஜர் ஸ்டேடியத்தில், ஏழு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார். உலகத் தொடரில் எந்த அறிமுக வீரரும் அதற்கு முன் செய்யாத எண்ணிக்கை. ஜூலை இறுதியில் டாமி ஜான் சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஷேன் பீபரைத் துணிந்து வாங்கினார்களே, அதுவும் கையிருப்புக் கணக்குதான்.

நவம்பர் 1, டொரான்டோ. ஏழாவது ஆட்டம். இரண்டு அணிகளும் வைத்திருந்ததை எல்லாம் கொட்டிய இரவு. டாட்ஜர்ஸுக்காக ஓத்தானி, கிளாஸ்னோ, ஷீஹன், ஸ்னெல் என்று ஸ்டார்டர்களே வரிசையாக வந்தார்கள். ரிலீவர் என்று சொல்லத்தக்கவராக இடையில் வந்தவர் ரோப்லெஸ்கி ஒருவர்தான். ஒன்பதாவது இன்னிங்ஸில் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அதற்குப் பிறகு பந்தை வாங்கியவர் யமமோட்டோ. முந்தைய நாள் இரவுதான் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசி வென்றிருந்தார். ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் வந்து 34 பந்துகள், இரண்டே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு, ரன் இல்லை. 11-ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் பீபரின் பந்தைத் தூக்கி அடிக்க, 5-4. கோப்பை மீண்டும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு.

12 வருடத்துக்கு 32.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போடப்பட்ட கையை இப்படிப் பிழிவது சரியா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. தொடரின் சிறந்த வீரர் விருதைக் கையில் வைத்திருந்தவரிடம் யாரும் அதை அழுத்திக் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். 173 இன்னிங்ஸ் சீசன், அதற்கு மேல் ஒரு முழு அக்டோபர். அவருக்கு இருப்பதும் தசைநார்தான்.

கொண்டாட்டம் முடிந்த ஒரு மாதத்திலேயே டாட்ஜர்ஸ் மறுபடி கடைக்குக் கிளம்பிவிட்டது. டிசம்பரில் எட்வின் டியாஸ் என்ற குளோசரை மூன்று வருடத்துக்கு 6.9 கோடி டாலருக்கு எடுத்தார்கள். டேனர் ஸ்காட்டின் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி. கெர்ஷா ஓய்வு பெற்றுவிட்டார், அவர் வீசிய 112 இன்னிங்ஸை வேறு யாராவது வீச வேண்டும். டியாஸ் வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த 13 பேரில் யாரோ ஒருவர் ஓக்லஹோமா சிட்டிக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஜூலையில் அவருக்கே போன் போகும்.